நின்ற இடத்தில் எரியும் டீசல்

யாழ்ப்பாணத்திலிருந்து ஏ9 வீதியால் கொழும்புக்குச் சரக்கேற்றிச் செல்லும் லொறி ஏறத்தாழ 400 கிலோமீற்றர் ஓடுகிறது. அந்தத் தூரத்துக்கு எவ்வளவு டீசல் வேண்டும் என்று எந்தச் சாரதியைக் கேட்டாலும் உடனே சொல்லிவிடுவார். ஆனால் மருதனார்மடத்தில் வெங்காய மூடை ஏற்றி முடியும்வரையும், தம்புள்ளை பொருளாதார மத்திய நிலையத்தின் வாசலில் இடம் கிடைக்கும்வரையும், பேலியகொடைச் சந்தையில் மூடை இறக்கும் நாட்டாமிமார் வந்து சேரும்வரையும் லொறியை எஞ்சின் ஓடியபடி ஸ்ராட்டில் விட்டிருந்த நேரத்தில் எவ்வளவு எரிந்தது என்று கேட்டால், நீண்டகாலம் இந்தத் தொழிலில் இருக்கும் எங்களில் பலருக்கும் பதில் வராது. மானியில் கிலோமீற்றர் ஏறாததால் அந்தச் செலவு யாருடைய கணக்கிலும் ஏறுவதில்லை.

அதைக் கணக்கில் ஏற்ற வைத்தது 2022ஆம் ஆண்டுதான். அவ்வாண்டு ஜூன் மாத இறுதியில் ஒரு லீற்றர் ஒட்டோ டீசல் 460 ரூபாவாகியது; பிறகு கியூஆர் அட்டை வந்து, வாரத்துக்கு இவ்வளவுதான் என்று அளந்து தரப்பட்டது. நடுத்தர லொறியொன்றின் எஞ்சின் சும்மா ஓடும்போது மணித்தியாலத்துக்கு ஒன்றரை லீற்றர் குடிக்கிறது என்று வைத்துக்கொண்டாலும், நான்கு மணித்தியாலக் காத்திருப்பில் 6 லீற்றர் போய்விடும். அன்றைய விலையில் 2,760 ரூபா. சரக்கை ஓரடிகூட நகர்த்தாமல் எரிந்த பணம் அது.

சாரதிகள் எஞ்சினை நிறுத்தாமல் விடுவது சோம்பலால் என்று முதலாளிமார் சொல்வதுண்டு. நான் கண்டவரையில் அதற்குச் சோம்பல் காரணமல்ல, பயமே காரணம்: நிறுத்தினால் திரும்ப ஸ்ராட் ஆகுமா என்ற பயம். லொறியில் பன்னிரண்டு வோல்ற் பற்றரிகள் இரண்டைத் தொடராக இணைத்து இருபத்துநான்கு வோல்ற் எடுக்கிறோம். அவற்றில் ஒன்று பழுதானால் மற்றதையும் அது சேர்த்து இழுத்துக் கெடுத்துவிடும். செலவைப் பார்த்து ஒன்றை மட்டும் புதிதாக மாற்றும் வழக்கம் எங்களிடம் அதிகம். சில மாதங்களில் அந்தப் புதியதும் பழையதைப்போல் ஆகிவிடுகிறது. இப்படிப்பட்ட லொறியை இரவு ஒரு மணிக்கு வரிசையின் நடுவில் நிறுத்திவிட்டு, பின்னால் நிற்பவர்கள் ஹோர்ன் அடிக்கத் தள்ளி ஸ்ராட் பண்ணச் சொன்னால் எந்தச் சாரதி துணிவார்? போர்க்காலத்தில் எரிபொருள் தடையிருந்தபோது, குடாநாட்டுக் கார்கள் சில துளி பெற்றோலில் ஸ்ராட் ஆகி மண்ணெண்ணெயில் ஓடியதை எங்கள் வயதினர் மறந்திருக்க மாட்டார்கள். ஸ்ராட் ஆனதை நிறுத்தக்கூடாது என்ற எண்ணம் அந்தக் காலத்திலேயே எங்கள் கைகளில் ஊறிவிட்டதோ என்றும் சில வேளைகளில் நினைப்பேன்.

ஆகவே எஞ்சினை நிறுத்தும் பழக்கம் பற்றரிப் பெட்டியிலிருந்தே தொடங்க வேண்டும். முனைகளில் பூத்திருக்கும் வெண்பச்சைத் தூளைச் சுடுநீர் ஊற்றிக் கழுவி, நன்றாகத் துடைத்து, கவ்விகளை இறுக்கி, மேலே கொஞ்சம் கிறீஸ் பூசிவிட்டால், "பற்றரி செத்துப்போச்சு" என்று கைவிடப்பட்ட லொறிகூட முதல் தடவையிலேயே ஸ்ராட் ஆவதைப் பார்த்திருக்கிறேன். அதற்கு அரை மணித்தியாலமும் ஆகாது. இன்னொரு ஸ்ராட்டுக்கு டீசல் நிறையப் போகும் என்பதும் வெறும் பேச்சு. லொறி நின்றபடி எஞ்சின் ஒரு நிமிடம் ஓடுவதற்கே அதைவிடக் கூடுதலாகப் போகும்.

அடுத்த காரணம் காற்று. காற்றமுக்கத்தால் இயங்கும் எயார் பிரேக் உள்ள லொறியில் எங்காவது ஒழுக்கு இருந்தால், எஞ்சினை நிறுத்திய சிறிது நேரத்திலேயே மானியின் முள் இறங்கிவிடும். அமுக்கம் திரும்ப ஏறும்வரை லொறியை அசைக்க முடியாது. வரிசை நகரும்போது இது பெரிய தலையிடி. இரவில் எஞ்சினை நிறுத்திவிட்டுக் கீழே குனிந்து காதைக் கொடுத்தால் சீறும் சத்தம் கேட்கும். சவர்க்கார நுரையை மூட்டுகளில் பூசினால் குமிழி வரும் இடம் தெரியும். அந்த மூட்டைச் சரிசெய்தபின் லொறியை ஸ்ராட்டில் வைத்திருக்கக் காரணமில்லை.

எல்லா இடத்திலும் உடனே நிறுத்து என்று நான் சொல்லவில்லை. பாரத்தோடு இழுத்துவந்த டேர்போ (எஞ்சினுக்குள் காற்றை அமுக்கி ஏற்றும் சுழலி) உள்ள எஞ்சினை இரண்டு மூன்று நிமிடம் மெதுவாக ஓடவிட்ட பிறகே நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் கொதிநிலையில் இருக்கும் டேர்போவுக்குள் ஒயில் ஓட்டம் நின்று அங்கேயே கருகிவிடும். அதற்கு மேல் ஓடவிடுவதில் எஞ்சினுக்கு நன்மை கிடையாது. மெதுவாக ஓடும் எஞ்சின் போதிய சூடு ஏறாததால் டீசலை முழுதாக எரிக்காது. கரி படியும், எரியாத டீசல் சிலிண்டர் சுவரால் வழிந்து ஒயிலோடு கலக்கும். எங்கள் வெயிலில் காலையில் எஞ்சினைச் சூடாக்கவென்று நெடுநேரம் உறுமவிடுவதும் வீண்; காற்று ஏறியதும் புறப்பட்டு, முதல் சில கிலோமீற்றர்களை நிதானமாக ஓட்டினாலே போதும்.

வரிசையில் நிற்கும்போது முன்னால் ஒரு லொறி அசைந்ததும் நானும் அசைவதில்லை. உதவியாளாக வரும் தம்பி இறங்கி நின்று, "அண்ணை, முன்னுக்கு மூண்டு லொறி இழுத்திட்டாங்கள், எடுங்கோ" என்று சொன்ன பிறகுதான் சாவியைத் திருப்புவேன். இடைவெளி விழுந்தால் யாராவது புகுந்துவிடுவார்கள் என்று சொல்பவர்கள் உண்டு. அது சில வேளைகளில் நடப்பதும் உண்மைதான். வெக்கைக்காகவும் எஞ்சினை ஓடவிடுகிறார்கள். எஞ்சின் இருப்பது இருக்கைக்குக் கீழேதான். அது ஓட ஓட கபினுக்குள் சூடு கூடுமேயன்றிக் குறையாது. சிறிய மின்விசிறி ஒன்றுக்கு நல்ல பற்றரி போதும்.

இதில் முதலாளிமாருக்குச் சொல்ல வேண்டியதும் உண்டு. சாரதிக்குப் பயணக் கூலி, டீசல் முதலாளியுடையது என்ற ஏற்பாட்டில், மிச்சம் பிடிப்பதால் சாரதிக்கு ஒரு சதமும் இல்லை. ஸ்ராட் ஆகாமல் நின்றால் ஏச்சு மட்டும் அவருக்கு. புதிய பற்றரிச் சோடி வாங்கித் தராமல் சிக்கனம் பேசுவதில் நியாயமில்லை. மிச்சத்தில் ஒரு பங்கு சாரதிக்கு என்று ஒத்துக்கொண்ட இடங்களில், யாரும் சொல்லாமலே எஞ்சின்கள் நிற்கின்றன.

மீன் லொறிகளுக்கு மட்டும் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. ஐஸ் போட்டு அடைத்த பெட்டிகளோடு வருபவை எஞ்சினை நிறுத்தலாம். பிரதான எஞ்சினாலேயே குளிரூட்டியைச் சுழற்றும் லொறிகள் நிறுத்தினால் சரக்கு கெட்டுவிடும். அந்தச் சாரதிகளிடம் சிக்கனம் பேசிப் பயனில்லை; அவர்களை வரிசையில் முன்னுக்கு விட்டு முதலில் இறக்கிக் கொடுக்கச் சந்தைக்காரர்களால் முடியும்.