அட்டவணைக்குக் கீழே ஒரு வரி

கல்லூரி நூலகர் என்பதால் ஆசிரியர்களின் ஆய்வுக் கணக்கெல்லாம் கடைசியில் என் தலையில்தான் விடியும். போன வருஷம் சிறந்த ஆய்வாளர் விருதுக்காக எல்லாத் துறைகளையும் ஒரே அட்டவணையில் போட்டுக் கேட்டார்கள்: கட்டுரைகள், சைட்டேஷன் (மற்றவர்கள் மேற்கோள் காட்டிய எண்ணிக்கை), இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் ஹெச்-இண்டெக்ஸ். நானோ துகள் ஆராயும் வேதியியல்காரர் முதலிடம். தமிழ்த்துறையின் மூத்த பேராசிரியர் பெயருக்கு நேரே, ஸ்கோபஸ் என்ற ஆய்வுக் கட்டுரைத் தரவுத்தளத்தில், பூஜ்யம்.

பூஜ்யத்தை அப்படியே அனுப்ப மனசு வரவில்லை. "தமிழ்த்துறைக்கு இந்த அளவுகோல் பொருந்தாது" என்று கீழே ஒரு வரி சேர்த்தேன்.

மறுநாள் பேராசிரியர் வந்து நின்றார்.

"என்னவே, பந்தயத்துல தோத்தவன்னு போட்டிருந்தாக்கூடப் பொறுத்திருப்பேன். பந்தயத்துக்கே வராதவன்னுல்லா எழுதிக் குடுத்திருக்கீரு."

"உங்களுக்காகத்தான் சார் போட்டேன்."

"நான் கேட்டனா?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் நான் எழுதியதில் பொய்யும் இல்லை. ஹெச்-இண்டெக்ஸை 2005-இல் முன்வைத்தவர் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர். 20 கட்டுரைகள் தலா 20 முறையாவது மேற்கோள் காட்டப்பட்டிருந்தால் உமக்கு 20, அவ்வளவுதான் கணக்கு. துறைக்குத் துறை இது மாறும் என்பதை அதே கட்டுரையில் அவரே காட்டியிருக்கிறார். அப்போது இயற்பியலில் உச்சத்தில் இருந்த எட்வர்ட் விட்டனுக்கு 110. உயிர் அறிவியலில் சாலமன் ஸ்னைடருக்கு 191. அதை வைத்து விட்டன் மட்டம் என்று யாராவது சொல்வார்களா? கணிதத்தில் ஆளும் குறைவு, கட்டுரையின் கடைசியில் வரும் பட்டியலும் சின்னது. எங்கள் கணித மேடமும் அட்டவணையில் கீழேதான் இருந்தார். அவருக்கு நான் எந்தக் குறிப்பும் போடவில்லை. ஏன் போடவில்லை என்று இப்போது யோசித்தால் எனக்கே சரியாகப் பிடிபடவில்லை.

பேராசிரியரின் வில்லுப்பாட்டுப் புத்தகம் நூலகத்தில் முதுகு கிழிந்து, இரண்டு தடவை பைண்டிங் பண்ணிய பிரதி. கோயில் கொடைத் திருவிழா நடக்கிற ஊர்களுக்கு டேப் ரிக்கார்டரைத் தூக்கிக்கொண்டு போய், விடிய விடிய உட்கார்ந்து சேர்த்த சுடலைமாடன் கதைப் பாடங்கள் அதில் இருக்கின்றன. அதை மேற்கோள் காட்டி எழுதப்பட்ட ஆய்வேடுகள் எங்கள் அலமாரியிலேயே வரிசையாக நிற்கின்றன. தட்டச்சு செய்து, ரெக்சின் அட்டை போட்ட அந்த ஆய்வேடுகளின் அடிக்குறிப்பு எந்தக் கணினிக்குத் தெரியும்? தெரிந்தாலும், அவர் முதலெழுத்தை ஆங்கிலத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதியிருக்கிறார்கள். இதழ்களின் மதிப்பை மேற்கோள்களால் அளக்கும் இம்பாக்ட் ஃபேக்டர் முந்தைய இரண்டு வருஷக் கட்டுரைகளைத்தான் பார்க்கும். ஆனால் இடையன்குடியில் ஊழியம் செய்த கால்டுவெல் 1856-இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்தை இன்றைக்கும் காட்டாமல் திராவிட மொழியியலில் யாரும் நகர முடியாது.

சரி, புத்தகம் எடுத்துப்போகும் பதிவேட்டைக் கணக்கில் சேர்த்தால்? அதையும் யோசித்துப் பார்த்தேன். அப்படிச் செய்தால் எங்கள் கல்லூரியின் தலைசிறந்த ஆய்வாளர் டிஎன்பிஎஸ்சி கைடு எழுதினவராகத்தான் இருப்பார்.

வேதியியல் தம்பியையும் குறை சொல்ல வழியில்லை. ராத்திரி பத்து மணிக்கு அவருடைய லேபில் மட்டும்தான் விளக்கு எரியும். மனிதர் உழைத்துத்தான் அந்த எண்ணை வாங்கியிருக்கிறார்.

பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2018 விதிமுறையில் ஒரு கட்டுரைக்கு அறிவியல் துறைகளில் 8 புள்ளி, மொழி, கலைத் துறைகளில் 10. அந்த வித்தியாசத்தை இதுவரை யாரும் அவமானமாக எடுத்துக்கொண்டு நான் பார்க்கவில்லை. அதுவும் ஒரு சலுகைதானே? ஆனால் அங்கே அவருக்கும் ஒரு எண் உண்டு. என் வரி அவரைக் கணக்கிலிருந்தே வெளியே தள்ளிவிட்டது. கமிட்டியில் யாராவது அதைப் படித்தார்களா என்பதே சந்தேகம். விருது வேதியியலுக்குத்தான் போனது. வரி இல்லாவிட்டாலும் அப்படித்தான் போயிருக்கும்.

அப்புறம் ஒருநாள் அவரே ஒரு நோட்டைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். தன் புத்தகத்தைக் காட்டியிருக்கும் ஆய்வேடுகள், பல்கலைக்கழகம், வருஷம், பக்க எண், எல்லாம் பச்சை மையில். ஒன்றிரண்டு இடங்களில் "தவறாகக் காட்டியுள்ளார்" என்றுகூட எழுதியிருந்தது. "எண்ணத் தெரியாதவன் இல்லவே நான்" என்றார்.

இந்த வருஷ அட்டவணை வெள்ளிக்கிழமைக்குள் போக வேண்டும். அந்த நோட்டுக்கு அதில் கட்டம் கிடையாது. பின்னிணைப்பாகச் சேர்க்கலாம், சேர்த்தால் கணித மேடமும் நாளைக்கு ஒரு நோட்டோடு வருவார், வரட்டும். பழைய வரியை என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை. அவரிடமே கேட்டுவிடலாம் என்றால், மறுபடியும் "நான் கேட்டனா" என்பார்.