ஏ.வி.1: லைனர் போச்சு, கிராங்க் தேறுமா?

கிணற்று பம்ப் ஓட்டுகிற ஒற்றை சிலிண்டர் டீசல் இன்ஜின் இது. பிஸ்டனின் மேல் ரிங்கைக் கழற்றி, லைனரின் (பிஸ்டன் ஓடுகிற உருளைக் குழாய்) அதிகம் தேயாத அடிப்பக்கம் வைத்து ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டால் வாய் இடைவெளி 0.40 மி.மீ. அதே ரிங்கை மேலே, ரிங் திரும்புகிற இடத்தில் வைத்தால் 1.35. வித்தியாசம் 0.95. அதை 3.14-ஆல் வகுத்தால் 0.30 மி.மீ. கிர்லோஸ்கர் ஏ.வி.1-க்கு 80 மி.மீ. போர் (உள் விட்டம்), 110 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடும் தூரம்). அந்தப் போர் மேல்பக்கம் கிட்டத்தட்ட 12 தௌ (இன்ச்சில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு தௌ) தேய்ந்திருக்கிறது. லைனர் செட் மாற்றியே ஆக வேண்டும், அதில் பேச்சே இல்லை. மிச்ச இன்ஜின் அந்தச் செலவுக்குத் தகுமா என்பதுதான் கேள்வி.

போர் கேஜ் இல்லாதவர்களுக்கு இந்த ரிங் கணக்கு போதும், ஆனால் ஒழுங்காகச் செய்ய வேண்டும். ரிங்கைக் கையால் தள்ளினால் சாய்ந்து நிற்கும், அளவு பொய் சொல்லும். பிஸ்டனைத் தலைகீழாகப் பிடித்து அதன் தலையால் தள்ளினால் நேராக உட்காரும். மேலே வைக்கும்போது விளிம்பில் கை வைத்தால் ஒரு படி தட்டும். அதற்குக் கீழேதான் அளக்க வேண்டும், படிக்கு மேலே இருப்பது தேயாத பகுதி. ரிங்கும் தேய்ந்ததுதானே என்று கேட்கலாம். இரண்டு இடத்திலும் ஒரே ரிங்தான், அதனால் அந்தத் தேய்மானம் கழித்தலில் அடிபட்டுப் போகும். ஒரே குறை, சுற்றளவை வைத்துப் போடுகிற கணக்கு என்பதால் ஓவல் தெரியாது. பிஸ்டன் பக்கவாட்டில் அழுத்துகிற திசையில் தேய்மானம் இதைவிடக் கூடவே இருக்கும்.

‘ரிங் மட்டும் மாற்றி ஓட்டிப் பாருங்க’ என்று எல்லாப் பட்டறையிலும் சொல்வார்கள். 0.30 தேய்ந்த போரில் புது ரிங் போட்டால் வாய் அகலமாகவே நிற்கும், பேக் கம்ப்ரஷன் (ரிங்கைத் தாண்டிக் கீழே கசியும் காற்று) குறையாது. அதோடு புது ரிங்கின் மூலை கூர்மையானது. கனெக்டிங் ராடின் பெரிய முனை ஷெல்லையும் (பேரிங்) சேர்த்து மாற்றினால் பிஸ்டன் ஒரு மயிரிழை மேலே ஏறும், ரிங் அந்தப் படியில் மோதி உடையும். 80 மி.மீ. போரில் 0.20 தாண்டிவிட்டால் ரிங் வாங்குகிற காசு வீண் என்பது என் கட்சி.

லைனரைக் கழற்றும் முன்பே செய்கிற ‘ஒரு ஸ்பூன் ஆயில்’ சோதனையையும் (சிலிண்டரில் ஆயில் ஊற்றி, கம்ப்ரஷன் ஏறினால் ரிங் போச்சு என்பது) டீசலில் அப்படியே நம்பக் கூடாது. ஏ.வி.1-இன் கொள்ளளவு 553 சி.சி., கம்ப்ரஷன் 16.5-க்கு 1. அப்படியானால் பிஸ்டன் மேலே வந்து நிற்கும்போது மிஞ்சுகிற இடம் வெறும் 36 சி.சி. அதில் 5 மி.லி. ஆயில் ஊற்றினாலே விகிதம் 19-க்கு ஏறிவிடும். ரிங் நன்றாக இருந்தாலும் கேஜ் முள் ஏறத்தான் செய்யும். பெட்ரோல் இன்ஜின் பழக்கத்தில் தாராளமாக ஊற்றினால் கனெக்டிங் ராடே வளையும். கம்ப்ரஸர் காற்றை நாசில் ஓட்டை வழியாக விட்டுக் காது கொடுப்பது மேல்: ஆயில் ஊற்றும் வாயில் சீறினால் ரிங், சைலன்ஸரில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு, ஏர் கிளீனரில் வந்தால் இன்லெட், தண்ணீரில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட். பிஸ்டன் டாப்பில், இரண்டு வால்வும் மூடியிருக்க வேண்டும். ஃப்ளைவீலைக் கட்டாயம் முட்டுக் கொடுத்து நிறுத்துங்கள். காற்று தள்ளினால் கையை முறித்துவிடும்.

லைனர், பிஸ்டன், ரிங் எல்லாம் தேய்வதற்கென்றே இருக்கிற சாமான். இன்ஜினின் விதியைத் தீர்மானிப்பது கிராங்கும் (பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் தண்டு) பிளாக்கும்தான். ஷெல்லின் முதுகைத் திருப்பிப் பார்த்தால் 0.25 என்று பொறித்திருக்கிறது, அதாவது ஏற்கனவே 10 தௌ அரைத்த கிராங்க். ஷெல் அமர்கிற கிராங்க் பின்னில் மைக்ரோமீட்டர் வைத்தால் ஒரு பக்கத்துக்கும் குறுக்குப் பக்கத்துக்கும் 0.04 வித்தியாசம். ஷெல்லில் மேல்பூச்சு போய் செம்பு நிறம் எட்டிப் பார்க்கிறது. 20 தௌவுக்கு இறக்கினால் சரியாகும். அரைக்கக் கொடுக்கும்போது ஒரே ஒரு விஷயத்தை எழுதிக் கொடுங்கள்: பின்னின் ஓரத்தில் இருக்கும் வளைவை அப்படியே விட வேண்டும். கல்லை நேராக இறக்கி அந்த மூலையைக் கூராக்கினால் விரிசல் அங்கேதான் பிறக்கும்.

பிளாக்கில் லைனர் மேலே உட்காரும் இடம் சுத்தம். கீழே ஓ-ரிங் அமர்கிற பகுதியில் துரு பொத்தல், ஆனால் தண்ணீர்ப் பக்கத்தோடு நின்றிருக்கிறது. பொத்தல் ஆயில் பக்கம் வரை போயிருந்தால் தண்ணீர் சம்ப்பில் (அடியில் ஆயில் நிற்கும் தொட்டி) இறங்கி ஆயில் பால் போல் வெளுத்துவிடும். அப்போது பிளாக்கோடு மாற்றுவதுதான் புத்தி. புது லைனரை முதலில் ஓ-ரிங் இல்லாமல் போட்டுப் பாருங்கள், கை அழுத்தத்திலேயே முழுக்க இறங்க வேண்டும். பிறகு ஓ-ரிங்குக்கு சோப்புத் தண்ணீர் தடவி இறக்கி, போரைத் திரும்ப அளக்க வேண்டும். ஓ-ரிங் முறுக்கிக்கொண்டால் அந்த இடத்தில் லைனரை நெருக்கி ஓவல் ஆக்கும். பிஸ்டன் இறுகிப் பிடிப்பதற்குப் பாதி நேரம் இதுதான் காரணம், பழி மட்டும் பிஸ்டன் மேல் விழும். ஹெட் போடும் முன் ஜாக்கெட்டில் (லைனரைச் சுற்றித் தண்ணீர் ஓடும் இடம்) தண்ணீர் நிரப்பி, கசிகிறதா என்று பார்க்க ஒரு ராத்திரி விட்டுவிடுவது நல்லது.

செட் வாங்கும்போது கடையிலேயே லைனரின் வெளி விட்டத்தையும் விளிம்பு உயரத்தையும் அளந்து வாங்குங்கள். மலிவு செட்டில் பிஸ்டன் பரவாயில்லாமல் இருக்கும், லைனர் விளிம்பு உயரம்தான் ஏமாற்றும். இதற்குப் பதில் வேறொரு பழைய இன்ஜினே வாங்கிவிடலாம் என்று சென்னைப் புதுப்பேட்டை மாதிரி பழைய சாமான் விற்கிற இடத்தில் தேடுகிறவர்கள், புது பெயின்ட் அடித்ததைத் தொடாதீர்கள். டீகம்ப்ரஷன் லீவரை (வால்வைத் திறந்து வைத்துக் கம்ப்ரஷனை விடுவிக்கும் கைப்பிடி) மூடி ஹேண்டிலைச் சுற்றினால் திருப்பி உதைக்க வேண்டும், மெதுவாக வழுக்கிப் போனால் அதுவும் நம்முடையது போலத்தான். கிரைண்டிங், செட், ஷெல், கேஸ்கெட், நாசில், பிளஞ்சர் எலிமென்ட் எல்லாம் கூட்டிப் புது இன்ஜின் விலையில் பாதியைத் தாண்டாத வரை நான் பழசின் பக்கம். கிராங்க் இனி அரைக்க முடியாத கடைசி சைஸில் இருந்து பிளாக்கும் அரித்திருந்தால் வேறு கணக்கு.

இவ்வளவு தேய்ந்ததற்குக் காரணமும் பைப்பிலேயே இருக்கிறது. பம்ப் தண்ணீரை நேராக ஜாக்கெட்டில் விட்டிருக்கிறார்கள். கிணற்றுத் தண்ணீர் சில்லென்று ஓடும்போது சுவர் சூடேறாது. டீசல் எரிந்து வருகிற ஈரமும் அமிலமும் அங்கே படிந்து லைனரை அரிக்கும். உப்புத் தண்ணீர் என்றால் வெளிப்பக்கம் பாறை கட்டுவது தனி. அதனால் கிராங்க் கிரைண்டிங்கிலிருந்து வருவதற்குள் 200 லிட்டர் பீப்பாய் ஒன்றை இன்ஜினைவிட உயரத்தில் வைத்து, சூடான தண்ணீர் தானே மேலேறிச் சுற்றுகிற தெர்மோசைஃபன் போடப் போகிறேன். ஹெட்டிலிருந்து மேலேறும் குழாய் எங்கும் தொய்வில்லாமல் ஏற்றமாகவே போக வேண்டும், பீப்பாயில் அதன் வாய் எப்போதும் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இருக்க வேண்டும். ஒன்றேகால் இன்ச் பைப்பா, ஒன்றரையா என்பது மட்டும் பாக்கி. ஒன்றரையின் கைதான் ஓங்குகிறது.