கேபிளில் ஒளிந்திருந்த பிழை

மூன்று நாளாக ஒரே தலைவலி. நான் எழுதும் ஆண்ட்ராய்டு ஆப்பில், பின்னணியில் ஓடி டேட்டாவை ஒத்திசைக்கும் சிங்க் (sync) சர்வீஸ் என் மேசையில் கச்சிதமாக ஓடுகிறது. டெஸ்டர் கைக்குப் போனால் ஒரு மணி நேரத்தில் பேச்சுமூச்சு இல்லை. கிராஷும் இல்லை.

அப்புறம்தான் உறைத்தது. என் போன் எந்நேரமும் யுஎஸ்பி கேபிளில். போன் சும்மா கிடக்கும்போது பேட்டரியை மிச்சப்படுத்த ஆப்களின் பின்னணி வேலையை நிறுத்திவைப்பது ஆண்ட்ராய்டின் டோஸ் (Doze). சார்ஜ் ஏறும்போது அது வேலை செய்யாது. 2015-இல் வந்த 6.0 முதலே இப்படித்தான், எனக்குத்தான் மறந்துபோனது.

கம்ப்யூட்டரிலிருந்து போனுக்குக் கட்டளை அனுப்பும் ஏடிபியில் 'டம்ப்சிஸ் பேட்டரி அன்பிளக்' கொடுத்து, சார்ஜர் கழன்றுவிட்டதாகப் போனை ஏமாற்றி, திரையை அணைத்து, டோஸுக்குள் வலுக்கட்டாயமாகத் தள்ளினேன். உடனே நெட்வொர்க் போச்சு. அகப்பட்டான்! (முடிந்ததும் அந்த ஏமாற்றை நீக்கும் ரீசெட் கொடுக்க மறந்து, சார்ஜரைச் சந்தேகப்பட்டது தனிக்கதை.)

இப்போது சிங்க்கை, பின்னணி வேலைகளை நேரம் பார்த்து ஓட்டும் ஆண்ட்ராய்டின் ஒர்க்மேனேஜருக்கு மாற்றியாகிவிட்டது. தொடர் வேலைக்குக் குறைந்தபட்ச இடைவெளி 15 நிமிடம். டோஸில் அதுவும் தள்ளிப்போகும். என் ஆபீஸ் மேனேஜருக்கோ 5 நிமிடத்துக்கு ஒருமுறை வேண்டுமாம். சரி, அது நாளைய சண்டை.