ஒற்றைத் தோடு மோதிரமான கதை

ஆச்சி போன பிறகு நகையைப் பங்கு வைத்தபோது, பெரியவர்கள் கூடி ரொம்ப நியாயமாக ஒரு காரியம் செய்தார்கள். ஏழுகல் வைரத்தோட்டில் அம்மாவுக்கு ஒன்று, சித்திக்கு ஒன்று. கணக்கு சரி. ஒற்றைத் தோட்டை எந்தக் காதில் போடுவது என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. விற்க மனசு வராமல், போட வழியும் இல்லாமல் அது பாளையங்கோட்டையில் பேங்க் லாக்கரில் வருஷக்கணக்காகக் கிடந்தது. கூடவே பூட்டி காதில் போட்டிருந்த பாம்படத்தில் உடைந்துபோன ஒரு பாகமும். இந்த இரண்டையும் வைத்து ஒரு மோதிரம் செய்துகொண்டேன். இதே மாதிரி பழைய வைரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்யலாம் என்று யோசிக்கிறவர்களுக்காக, நடந்ததை எழுதுகிறேன்.

அம்மாவைச் சம்மதிக்க வைப்பதே முதல் வேலையாக இருந்தது. வைரம் எல்லாருக்கும் ஒத்துக்கொள்ளாது, ஆச்சிக்கு ஒத்துக்கொண்டது உனக்கு ஒத்துக்கொள்ளும் என்று என்ன நிச்சயம் என்றாள். தோட்டைத் துணியில் முடிந்து மூன்று ராத்திரி தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்கச் சொன்னாள், தூங்கினேன். கெட்ட கனவு வரவில்லை. கழுத்து வலி வந்தது, அதை வைரத்தின் கணக்கில் நான் சேர்க்கவில்லை. சித்தி போனிலேயே முடித்துவிட்டாள். "ஏட்டி, உங்க அம்மை பங்கு, நீங்க என்னமும் செய்யுங்க."

அப்புறம் ஒரு பெரிய நகைக்கடைக்குப் போனோம். அவர்கள் வாடிக்கையாளர் கொண்டுவரும் கல்லில் வேலை செய்வதே இல்லையாம், எக்ஸ்சேஞ்ச் மட்டும்தான், அதுவும் பழைய கட்டிங் என்பதால் குறைத்துத்தான் எடுப்போம் என்றார்கள். அவர்கள் பக்கத்து நியாயமும் புரிகிறது. கல் அவர்கள் கையில் உடைந்தால் யார் பதில் சொல்வது? தவிர, கடையில் இருக்கும் மோதிரங்கள் அச்சில் வார்த்தவை, கல் உட்காரும் குழியெல்லாம் ஒரே அளவு. பழைய கல் ஒவ்வொன்றும் ஒரு அளவில் இருக்கும், அந்தக் குழிக்குள் உட்காராது. கடைப் பையன் லேபில் வளர்த்த வைரம் வைத்த மோதிரம் ஒன்றைக் காட்டி, உங்கள் கல்லில் பாதி விலைகூட இல்லை, கல் அதைவிடப் பெரிசு என்றான். உண்மைதான். ஆனால் எனக்கு வேண்டியது வைரமோதிரம் இல்லை, ஆச்சியின் தோடு.

நெல்லையப்பர் கோயில் ரத வீதியை ஒட்டிய சந்து ஒன்றில், கல் கட்டும் ஆசாரி ஒருவர் இருப்பதாகத் தெரிந்தவர்கள் சொன்னார்கள். போனில் சேர்த்து வைத்திருந்த டிசைன் படங்களையெல்லாம் அவரிடம் காட்டினேன். அவர் போனை வாங்கவே இல்லை. "எம்மா, டிசைன் அப்புறம் பாப்போம். கூட்டுக்குள்ள என்ன இருக்குன்னு மொதல்ல பாப்போம்" என்றார். நான் இந்தக் காரியத்தில் கற்றுக்கொண்டது முழுக்க அந்த ஒரு வாக்கியத்துக்குள் அடங்கிவிடும்.

கல்லைப் பிரிக்கும்போது எதிரிலேயே உட்காரச் சொன்னார். பழைய ஆட்கள் எல்லாரும் இப்படித்தானாம், கண்முன்னால்தான் பிரிப்பார்கள், கொடுத்துவிட்டுப் போங்கள் என்று சொல்கிறவரிடம் கொடுக்கவே கூடாது என்றார். ஃபேனை நிறுத்தினார். தோட்டை முழுசாக எடை போட்டு நோட்டில் எழுதி, எங்களிடம் கையெழுத்து வாங்கினார். நான் முன்னும் பின்னும் போட்டோ எடுத்துக்கொண்டேன். அந்தத் தோடு குளோஸ் செட்டிங், அதாவது கல்லின் முகம் மட்டும் வெளியே தெரியும், பின்பக்கம் முழுக்கத் தங்கத்தால் மூடியிருக்கும். சின்ன உளியால் விளிம்பை இம்மி இம்மியாக நிமிர்த்தி, சாமணத்தால் கல்லைத் தூக்கினார். கல்லுக்கு அடியில் எண்ணெயும் பவுடரும் சேர்ந்து தார் மாதிரி கறுப்பாக ஒரு படிவு. ஆச்சி தலையில் தேய்த்த தேங்காயெண்ணெய் எல்லாம் அங்கேதான் இருந்திருக்கிறது போல. பூந்திக்கொட்டைத் தண்ணீரில் கொஞ்ச நேரம் ஊறப்போட்டு, மெல்லிய பிரஷ்ஷால் தேய்த்து வெள்ளைத்தாளில் பரப்பினார்.

நடுக்கல்லை லென்ஸில் பார்த்தபோது நடுவில் ஒரு வட்டம் தெரிந்தது. "ஓட்டை விழுந்திருக்கா அண்ணாச்சி?" என்று கேட்டுவிட்டேன். ஓட்டை இல்லையாம். பழைய கட்டிங்கில் கல்லின் அடிக்கூரைச் சின்னதாகச் சமமாகத் தேய்த்துவிடுவார்கள், மேலிருந்து பார்த்தால் அது வட்டமாகத் தெரியும். மேல்முகம் சின்னது, தோள் உயரம். இப்போது நாம் பார்க்கும் ரவுண்ட் பிரில்லியன்ட் என்கிற வட்ட கட்டிங்குக்கு 1919-ல் மார்செல் டோல்கோவ்ஸ்கி என்பவர் ஒளி எப்படித் திரும்பும் என்று கணக்குப் போட்டு அளவுகளை எழுதினார். அதற்கு முந்தைய கற்கள் கண்ணளவிலும் கையளவிலும் பட்டை தீட்டியவை. அதனால்தான் புதுக்கல் பொடிப்பொடியாக மின்னும்போது பழைய கல் அகலமாக, நிதானமாக ஒளி விடுகிறது. மறுபடி பட்டை தீட்டினால் 'ஜொலிப்பு' வரும் என்று ஒரு உறவினர் யோசனை சொன்னார். வரும், ஆனால் எடையும் போகும், பழைய கல் என்கிற அடையாளமும் போகும். அந்தப் பேச்சை அத்தோடு விட்டோம்.

அடுத்தது டெஸ்டர். பேனா மாதிரி இருக்கும், முனையில் லேசான சூடு. வைரம் சூட்டைப் படுவேகமாகக் கடத்தும் என்பதால் முனை பட்டதும் சத்தம் வரும். (வைரம் மாதிரியே செய்யும் மாய்சனைட் என்கிற செயற்கைக் கல்லும் இந்த டெஸ்டரை ஏமாற்றிவிடும், ஆனால் ஆச்சி காலத்து நகையில் அதற்கு வாய்ப்பில்லை.) நடுக்கல் கத்தியது. ஒவ்வொன்றாக மற்றவையும் கத்தின. ஓரத்தில் இருந்த ஒரு கல் மட்டும் வாயே திறக்கவில்லை. ஆசாரி துடைத்துவிட்டு மறுபடி வைத்தார், திருப்பி வைத்தார், அப்புறம் அம்மாவைப் பார்த்து, "இது வெள்ளைக்கல்லுமா" என்றார். அதாவது வைரமே இல்லை, சாதாரணக் கல். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது, அம்மா அசரவே இல்லை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, குற்றாலத்தில் ஒரு சீசனில் மெயினருவியில் குளித்துவிட்டு வந்தபோது தோட்டில் ஒரு கல் காணவில்லை என்று ஆச்சி அழுததும், தாத்தாவுக்குத் தெரியாமல் யாரிடமோ கொடுத்துக் கட்டிவந்ததும் அப்போதுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது. ஆக, எங்கள் வீட்டு வைரம் ஒன்று சிற்றாற்றோடு தாமிரபரணிக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

நடுக்கல் 42 சென்ட் இருந்தது. நூறு சென்ட் ஒரு காரட், காரட் என்பது 200 மில்லிகிராம். சின்னக் கற்கள் 9-லிருந்து 13 சென்ட்டுக்குள். எல்லாவற்றையும் தனித்தனியாக எடை போட்டு, விட்டம் அளந்து, லென்ஸ் வழியாகப் போனில் படம் எடுத்துக்கொண்டேன். நடுக்கல்லின் ஓரத்தில் மிளகாய் விதையில் கால்வாசிகூட இல்லாத ஒரு கரும்புள்ளி இருக்கிறது. அதைப் பார்த்ததும் அம்மா தோஷம், காகபாதமா (காக்கைக்கால் மாதிரி குறி, ஆகாது என்பார்கள்) என்று பாருங்கள் என்று ஆரம்பித்தாள். "காகபாதமும் இல்ல, ஒண்ணும் இல்ல. இந்தப் புள்ளி இருக்கதுதான் உங்களுக்கு நல்லது. நாளைக்கு யாரும் கல்ல மாத்துனா இத வச்சுக் கண்டுபிடிச்சிரலாம்லா" என்றார் ஆசாரி. அம்மாவுக்கு அந்த வாதம் பிடித்துப்போனது. இப்போது அவளே எல்லாரிடமும் புள்ளியைக் காட்டுகிறாள்.

கள்ளநோட்டா என்று பார்க்க வைத்திருந்த புறஊதா விளக்கைக் கல்லின் மேல் காட்டியபோது நடுக்கல் நீலமாக ஒளிர்ந்தது. உடனே பட்டறையில் இருந்த இன்னொரு பெரியவர் "புளூ ஜாகர்!" என்றார். இந்தப் பெயரை நம் வீடுகளில் பலர் கேட்டிருப்பீர்கள். தென்னாப்பிரிக்காவில் ஜாகர்ஸ்ஃபான்டைன் என்றொரு சுரங்கம் இருந்தது, 1870-லிருந்தே அங்கே வைரம் எடுத்தார்கள், லேசாக நீலம் ஓடும் வெள்ளை வைரத்துக்குப் பேர்போனது, 1971-ல் மூடிவிட்டார்கள். 1893-ல் 995 காரட் எக்செல்சியர் கல் கிடைத்ததும் அங்கேதான். அதற்காக நீலமாக ஒளிர்வதெல்லாம் ஜாகர் ஆகிவிடாது. வைரங்களில் ஏறக்குறைய கால்வாசிக்கு மேல் புறஊதா விளக்கில் ஏதோ ஒரு அளவு ஒளிரத்தான் செய்யும். நடுக்கல்லை மட்டும் சென்னையில் ஒரு லேபுக்கு அனுப்பி ரிப்போர்ட் வாங்கினேன். 'ஓல்ட் யூரோப்பியன் பிரில்லியன்ட்' என்று, அந்தப் பழைய கட்டிங்கின் பெயர் வந்தது, எடை, நிறம், புள்ளி எல்லாம் இருந்தது, எந்தச் சுரங்கம் என்பது அதில் வராது. உங்களிடம் யாராவது ஜாகர் என்று சொல்லிக் கூடுதல் விலை கேட்டால் கதையைக் கேட்டுக்கொள்ளுங்கள், காசைக் கொடுக்காதீர்கள்.

இதற்கெல்லாம் அப்புறம்தான் டிசைன். நான் நினைத்திருந்தது தோட்டின் அதே பூவை அப்படியே விரலில் வைப்பது. ஒரு இதழ் வெள்ளைக்கல் என்று ஆனதும் அது போயிற்று. ஒரு புதுக்கல் வாங்கிச் சேர்க்கலாமே என்று வைத்துப் பார்த்தோம். பழையவை லேசான வெதுவெதுப்பான வெள்ளை, புதுசு டியூப்லைட். கண்ணைக் குத்தியது. கடைசியில் கற்களையே தாளில் நகர்த்தி நகர்த்திப் பார்த்தோம். நடுக்கல்லுக்கு இரண்டு பக்கமும் இரண்டிரண்டு, உள்பக்கம் பெரிசு, வெளிப்பக்கம் சின்னது என்று ஒரு வரிசை வைத்தபோது எல்லாருக்கும் பிடித்தது. ஐந்தாவது சின்னக்கல் மிஞ்சியது. அதைச் சித்திக்கு மூக்குத்தியாக்கிக் கொடுத்துவிடலாம் என்று அம்மா அங்கேயே முடிவு செய்தாள்.

கொக்கி மாதிரி நான்கு கால் வைத்துப் பிடிப்பதா, சுற்றிலும் விளிம்பு வைத்துக் கூடாகக் கட்டுவதா என்பதற்கும் கல்தான் பதில் சொன்னது. சின்னக்கல் ஒன்றின் ஓரத்தில் மயிரிழை உடைசல் இருந்தது. எல்லாவற்றுக்கும் இடுப்புப் பகுதி, அதாவது கல்லின் அகலமான சுற்று ஓரம், கத்தி மாதிரி மெலிசு. காலுக்கு நடுவே வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் எங்காவது இடித்து இன்னும் உடையும். அதனால் சுற்று விளிம்பு, ஆனால் பின்பக்கம் திறந்து, வெளிச்சம் போக வர.

தங்கம் பாம்படத் துண்டிலிருந்து. பார்க்கக் கனமாக இருக்கும், உள்ளே முக்கால்வாசி அரக்கு. சூடு காட்டியதும் அது உருகி வழிந்து சந்தெல்லாம் வாசம். சுத்தம் செய்தபின் 6 கிராமுக்குக் கொஞ்சம் மேல் தேறியது. காரட் மீட்டரில் 84 சதவீதம் காட்டியது, அதாவது இருபது காரட் பக்கம் (இந்தக் காரட் கல்லின் எடை இல்லை, தங்கத்தின் சுத்தம், 24 என்றால் முழுத்தங்கம்). மோதிரத்தை 18 காரட்டில், 75 சதவீதத்தில் செய்யலாம் என்று ஆசாரி சொன்னதும் அம்மா, "பதினெட்டா? அது தங்கமா?" என்று கேட்டாள். 22 காரட் மெத்து, விளிம்பு தேய்ந்து கல் ஆடும், தினமும் போடுகிற மோதிரத்துக்கு ஆகாது என்று விளக்கினார். வெள்ளியும் செம்பும் சேர்க்கும் அளவைப் பார்த்துக்கொண்டால் நிறமும் பெரிதாக மாறாது. மூசை என்கிற உருக்கும் கிண்ணத்தில் உருக்கும்போது நாங்கள் கூடவே இருந்தோம்.

முதலில் வெள்ளியில் ஒரு மாதிரி செய்து கொடுத்தார், போட்டுப் பழகச் சொன்னார். இதைத் தவறவிடாதீர்கள். காலையில் சரியாக இருந்தது, சித்திரை வெயிலில் சாயங்காலம் கழற்ற சோப்பு வேண்டியிருந்தது. அகலமான வளையம் என்றால் வழக்கமான அளவைவிடக் கொஞ்சம் கூட்டி எடுக்க வேண்டும் என்பதும் அதில்தான் தெரிந்தது. உயரமும் அதிகமாக இருந்தது, சேலை மடிப்பில் மாட்டியது, குறைத்தோம். இடையில் ஆனித் தேர் வந்துவிட்டது, ரத வீதிப் பக்கம் அந்தச் சமயத்தில் நகை வேலையாவது ஒன்றாவது.

நெருப்பை ஊதி ஒட்டும் வேலையெல்லாம் முடிந்த பிறகுதான் கல்லைக் கட்டினார். வைரம் என்பது சுத்தமான கரிதானே, காற்றில் ரொம்பச் சூடேறினால் மேற்பரப்பு வெந்து பால் படிந்த மாதிரி மங்கிவிடும். பின்னால் மோதிரத்தை வேறு எங்காவது சைஸ் மாற்றக் கொடுத்தாலும் இதைச் சொல்லிக் கொடுக்க வேண்டும். கட்டி முடித்ததும் புள்ளியை லென்ஸில் பார்த்தேன், ரிப்போர்ட்டோடு ஒத்துப் பார்த்தேன். அவருக்கும் அதில் வருத்தம் இல்லை, அவரே லென்ஸை எடுத்து நீட்டினார்.

செலவில் சேதாரம் என்று சதவீதம் கிடையாது. அரத்தால் ராவும்போது தங்கம் எவ்வளவு குறையலாம் என்பதை முன்கூட்டியே பேசி எழுதிக்கொண்டோம், மிச்சத் தங்கம் திரும்ப வந்தது, கூலி மட்டும் தனி. கடை மோதிரத்தின் செய்கூலியைவிடக் கூடுதல்தான், கையால் ஐந்து கூடு, ஐந்தும் ஐந்து அளவு. ஹால்மார்க் பற்றிக் கேட்பீர்கள்: விற்பனைக்கு வரும் நகைக்குத்தான் அது கட்டாயம், 2023 ஏப்ரல் 1 முதல் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு குறிகள் கொண்ட எச்யூஐடி என்கிற அடையாளமும் நகைக்கு நகை தனியாக வேண்டும். இது எங்கள் தங்கத்தில் எங்களுக்கே செய்தது. இருந்தாலும் ஹால்மார்க் மையம் ஒன்றில் கொடுத்துச் சோதித்தேன், 75-க்குக் குறையவில்லை. அந்தச் சீட்டு, லேப் ரிப்போர்ட், கல்லின் படங்கள், ஆசாரி எழுதிய எடைக் கணக்கு எல்லாம் ஒரே உறையில் இருக்கின்றன.

மாவு பிசையும்போதும் பாத்திரம் தேய்க்கும்போதும் கழற்றிவிடுகிறேன், மற்ற நேரம் விரலில்தான். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கொண்டுவந்தால் விளிம்பை அழுத்தி, கல் ஆடுகிறதா என்று பார்த்துத் தருவதாக ஆசாரி சொல்லியிருக்கிறார். அதற்குக் கூலி எவ்வளவு அண்ணாச்சி என்று கேட்டதற்கு, எங்கள் சொந்த ஊர் கல்லிடைக்குறிச்சி என்று தெரிந்ததிலிருந்து மனசில் வைத்திருந்தார் போல, "காசெல்லாம் வேண்டாம், வரும்போது அப்பளம் ரெண்டு கட்டு வாங்கிட்டு வாங்க, சின்னது வேண்டாம், பெரிசு" என்றார்.