முதல் நாள் வலது ஸ்டிக்கைத் தொடவிடாதீர்கள்

என்ஹெச்எல் என்ற ஐஸ் ஹாக்கி வீடியோ கேமை எனக்குக் கற்றுக்கொடுத்த நண்பன் நல்ல ஆட்டக்காரன், மோசமான வாத்தியார். கன்ட்ரோலரைக் கையில் கொடுத்ததுமே ஒவ்வொரு பட்டனாகத் தொட்டுக் காட்டி, இது பாஸ், இது போக் செக், இதை அழுத்திக்கொண்டே அதைத் தள்ளு என்று ஐந்து நிமிடத்தில் ஒப்பித்துவிட்டான். ஆட்டம் தொடங்கியதும் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. ஒன்பது கோல் வாங்கினேன். அப்புறம் ஒரு மாதம் அந்தப் பக்கமே போகவில்லை.

பின்னாளில் என் தங்கைக்கும், கூட வேலை பார்க்கும் மூன்று பேருக்கும் நானே சொல்லித்தர வேண்டி வந்தது. தங்கையிடம் தப்பு செய்து, மற்றவர்களிடம் திருத்திக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இந்த கேமில் குழப்பம் எங்கே வருகிறது என்பதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். 2006-இல் வந்த என்ஹெச்எல் 07-இல்தான் கன்ட்ரோலரில் கட்டைவிரலால் ஆட்டும் வலது ஸ்டிக்கையே ஹாக்கி மட்டையாக்கினார்கள். அதைப் பின்னால் இழுத்து முன்னால் தள்ளினால் ஓங்கி அடிக்கும் ஸ்லாப் ஷாட். இழுக்காமல் தள்ளினால் மணிக்கட்டால் சுண்டும் ரிஸ்ட் ஷாட். இடமும் வலமும் ஆட்டினால் பக் (பந்துக்குப் பதிலாக இருக்கும் ரப்பர் வட்டு) மட்டையோடு சேர்ந்து ஆடும். ஆக, இடது கட்டைவிரல் கால், வலது கட்டைவிரல் கை. இரண்டும் எப்போதும் வேலையாக இருப்பதால்தான் பாஸை ஆள்காட்டி விரலுக்குத் தள்ளியிருக்கிறார்கள்: பிளேஸ்டேஷனில் ஆர்2, எக்ஸ்பாக்ஸில் ஆர்டி. இதை ஒருமுறை சொல்லிவிட்டால் பாதி பட்டன்களை மனப்பாடம் செய்யவே வேண்டாம். இன்னொன்று, கன்ட்ரோலரிலும் ‘ஸ்டிக்’, ஆட்டக்காரன் கையிலும் ‘ஸ்டிக்’ என்றால் புதியவர் திணறுவார். நான் ஆட்டக்காரன் கையில் இருப்பதை மட்டை என்றே சொல்வேன்.

முதல் நாள் மட்டையே வேண்டாம், கால் மட்டும். பயிற்சி மோடில் எதிரணி இல்லாமல் தனியாக விடுங்கள். ஐஸ் ஹாக்கி மைதானத்தில் ஆட்டம் தொடங்க பக்கைப் போடும் பேஸ்-ஆஃப் புள்ளிகள் மொத்தம் ஒன்பது. நடுவில் இருப்பது நீலம், மற்ற எட்டும் சிவப்பு. ஒவ்வொரு புள்ளிக்கும் போய் அதன் மேலேயே நிற்க வேண்டும், அவ்வளவுதான் பாடம். கேட்கச் சுலபம். என் தங்கை முதல் புள்ளியைத் தாண்டி, இரண்டாவதையும் தாண்டி, நேராகப் போய் மைதானத்தைச் சுற்றியிருக்கும் பலகையில் முட்டினாள். “அண்ணா, நிக்கவே மாட்டேங்குது!” ஐஸ் அப்படித்தான். கையை எடுத்தால் வழுக்கிக்கொண்டே போகும். நிற்க வேண்டுமென்றால் எதிர்ப்பக்கம் இழுக்க வேண்டும். அவள் பதற்றத்தில் இடது ஸ்டிக்கை உள்ளே அமுக்கிப் பிடித்திருந்ததையும் அப்போதுதான் கவனித்தேன். அது வேகம் கூட்டுவது. வேகம் கூடினால் திரும்புவதற்கு இன்னும் பெரிய வளைவு வேண்டும். அதை விட்டதும் பத்தே நிமிடத்தில் புள்ளிகளில் நிற்கத் தொடங்கினாள்.

அடுத்து பாஸ். இடது ஸ்டிக் காட்டும் திசையில் போகும், எவ்வளவு நேரம் அழுத்துகிறோமோ அவ்வளவு வேகம். இந்தக் கட்டத்தில் ஆஃப்சைடு (பக்குக்கு முன்னால் ஆள் எதிரணியின் நீலக்கோட்டைத் தாண்டுவது), ஐசிங் (தன் பாதியிலிருந்தே பக்கை எதிரணியின் கோல் கோட்டுக்கு அப்பால் அடித்துவிடுவது) என்ற இரண்டு விதிகளையும் செட்டிங்கில் அணைத்துவிடுவேன். ஆனால் இரண்டே நாள்தான். அதற்கு மேல் விட்டால் பக்குக்கு முன்னால் நீலக்கோட்டைத் தாண்டும் பழக்கம் ஒட்டிக்கொள்ளும், பிறகு அதைப் பிரிப்பது பெரும்பாடு.

ஷாட்டில் ரிஸ்ட் ஷாட் மட்டும் போதும். அதில் ஒரு கண்ணி இருக்கிறது: அடிக்கும் நேரத்தில் இடது ஸ்டிக் கால் வேலையை விட்டுவிட்டுக் குறிபார்க்கும் வேலைக்குப் போய்விடும். கோலை நோக்கி மேலே தள்ளிக்கொண்டே அடிப்பவருக்குப் பக் ஏன் மேலேயே எழும்புகிறது என்று புரியாது. காரணத்தைச் சொல்லிவிடுங்கள்.

என்னைக் கேட்டால் ஷாட்டைவிட பெரிய சிக்கல், ஒரே பட்டனுக்கு இரண்டு அர்த்தம் இருப்பது. பக் நம்மிடம் இருந்தால் ஆர்2 பாஸ். இல்லாவிட்டால் ஆளை மாற்றுவது. ஆர்1 அப்போது தூக்கிப் போடும் பாஸ், இப்போது மட்டையை நீட்டி பக்கைத் தட்டும் போக் செக். வலது ஸ்டிக்கை மேலே தள்ளினால் அப்போது ஷாட், இப்போது எதிரியை உடம்பால் மோதும் பாடி செக். ஆளை மாற்றலாம் என்று ஆர்2-வை அழுத்தும் அதே நொடியில் நம் ஆள் பக்கைப் பிடித்திருப்பான். அது பாஸாகி நேரே எதிரி மட்டைக்குப் போகும். “நான் ஒன்னுமே செய்யலையே” என்பார்கள். உண்மையில் சரியான பட்டனைத்தான் அழுத்தியிருப்பார்கள், அரை நொடி தாமதம். அதனால் பட்டன் பட்டியலை இரண்டு பத்தியாகத் தாளில் எழுதிக் கொடுப்பேன்: ‘பக் இருக்கு’, ‘பக் இல்லை’. கேமில் வரும் மெனுவைவிட அந்தத் தாள் அதிகம் உதவியது.

தடுப்பாட்டத்தில் எல்லோரும் செய்யும் தப்பு ஆர்1-ஐத் தட்டிக்கொண்டே இருப்பது. மட்டை பக்குக்குப் பதில் காலில் பட்டால் டிரிப்பிங், அதாவது ஆளை இடறிவிடும் தவறு. இரண்டு நிமிடம் வெளியே உட்கார வேண்டும். என் சக ஊழியர் ஒருவர் ஒரே ஆட்டத்தில் ஐந்து தடவை போனார். எல்2-வைப் பிடித்தபடி பக்கைப் பார்த்துக்கொண்டே பின்னால் சறுக்குங்கள், பக் மட்டை எட்டும் தூரத்துக்கு வந்தால் மட்டும் ஒரு தட்டு என்றேன். மறுநாள் ஒரே ஒரு தடவைதான் போனார், அதுவும் என் மேல் இருந்த கோபத்தில்.

இரண்டே பட்டனில் ஆடும் என்ஹெச்எல் 94 கன்ட்ரோலில் தொடங்கினால் என்ன என்று கேட்பார்கள். ஒரு சாயங்காலம் விளையாடிவிட்டுப் போகும் விருந்தாளிக்குச் சரி. கற்றுக்கொள்ள வந்தவருக்கு வேண்டாம், கட்டைவிரல் பட்டனுக்குப் பழகிவிடும்.

சொல்லித்தருபவருக்கு இரண்டு விஷயம். எதிரணியில் உட்காராதீர்கள், ஒரே அணியில் ஆடுங்கள். “இங்க கொடு, காட்டுறேன்” என்று கன்ட்ரோலரைப் பிடுங்காதீர்கள். தங்கையிடம் பிடுங்கியபோது அவள் பார்த்தது என் விரலை அல்ல, டிவியை.

பக்கை ஆட்டி எதிரியை ஏமாற்றும் டீக் வித்தைகளை அவர்களே தேடிக் கண்டுபிடித்துக்கொள்வார்கள். கோல் கீப்பராக ஆட வேண்டுமென்றால் மட்டும் என்னிடம் வராதீர்கள். அதில் நான் இன்னும் ஒன்பது கோல் வாங்கும் கட்டத்தில்தான் இருக்கிறேன்.