செத்த செட்டைத் தேடுங்க

2024 ஜூன் 9, ஞாயிறு

பெரியப்பா வீட்டு டிவி தூத்துக்குடியிலிருந்து பார்சல் லாரியில் வந்து மூன்று வாரம் ஆகிறது. இன்றுதான் முதுகைத் திறந்தேன். 20 இன்ச், கறுப்பு வெள்ளை, இழுத்து மூடும் மர ஷட்டர், அதற்கொரு பூட்டு. 1984-இல் வாங்கியது. அப்போதெல்லாம் சென்னையிலேயே சாலிடேர், டயனோரா என்று டிவி தயாரித்தார்கள். இது எந்தக் கம்பெனி என்று சொல்லப் போவதில்லை. நாற்பது வருஷம் இருந்த பெட்டியை இப்போது குறை சொல்வது அழகில்லை.

தூத்துக்குடியில் அன்று மாடிக்கு மாடி ஜி.ஐ. பைப்பில் ஆன்டெனா நிற்கும், கொழும்புப் பக்கம் பார்த்தபடி. 1982-இல் தொடங்கிய ரூபவாஹினி கடலைத் தாண்டி வந்து விழும். அங்கேயும் இங்கேயும் ஒரே பால்-பி (PAL-B) ஒளிபரப்பு முறை, அதனால் பெட்டியில் எதையும் மாற்ற வேண்டியதில்லை. சிங்களச் செய்தியில் ஒரு வார்த்தை புரியாது. ஆனாலும் முழுசாகப் பார்ப்போம்.

சரி, கோளாறுக்கு வருகிறேன். ஃபியூஸ் போயிருந்தது, பி.யூ.205 டிரான்சிஸ்டர் ஷார்ட். கையிருப்பில் இருந்த ஒன்றைப் போட்டேன். பத்து நிமிஷத்தில் தொட முடியாத சூடு, அப்புறம் அதுவும் போனது. சுருளைச் சோதிக்கும் ரிங் டெஸ்டரை வைத்தால் எட்டு எல்.இ.டி. எரிய வேண்டிய இடத்தில் ஒற்றைச் சிவப்பு. எல்.ஓ.டி. செத்துவிட்டது.

எல்.ஓ.டி. என்கிற லைன் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர்தான் இந்தப் பெட்டியின் இருதயம். வினாடிக்கு 15,625 தடவை அந்த டிரான்சிஸ்டர் திறந்து மூட, ஒவ்வொரு தடவை கரண்ட் அறுபடும்போதும் இந்தச் சுருள் உதைக்கிற உதையில்தான் பிக்சர் டியூபுக்கு வேண்டிய பல ஆயிரம் வோல்ட் பிறக்கிறது. உள்ளே இரண்டு சுற்று ஒட்டிக்கொண்டால் போதும், உதையெல்லாம் சூடாகிப் போய்விடும். மீட்டரில் ஓம் பார்த்தால் எல்லாம் சரியாகவே காட்டும். எத்தனை பேர் இதைக் கண்டுபிடிக்காமல் டிரான்சிஸ்டரை மாற்றி மாற்றிக் காசைக் கரைத்தார்களோ!

ஜூன் 11, செவ்வாய்

மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டு ரிச்சி ஸ்ட்ரீட். மீரான் சாகிப் தெரு, நரசிங்கபுரம் தெரு எல்லாம் ஒரு சுற்று. ‘எல்.ஓ.டி.’ என்றதும் பையன்கள் எல்.இ.டி. பேக்லைட் பட்டையை எடுத்து நீட்டுகிறார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை.

ஒரு சந்துக் கடையில் மட்டும் பெரியவர் ஒருவர் நிமிர்ந்து பார்த்தார். “எந்த செட்டு?” சொன்னேன். “ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வொரு எல்.ஓ.டி. சார். ரெசிஸ்டர் மாதிரி நம்பர் சொல்லி வாங்க முடியாது. முன்னாடி இங்கயே வாழைத்தார் மாதிரி கட்டித் தொங்கவிட்டிருப்போம். இப்ப யாரு கேக்குறா?” அவர் சொன்னது சரி. டியூபின் கழுத்தில் மாட்டியிருக்கும் யோக் என்ற சுருளும் எல்.ஓ.டி.யும் ஜோடி. ஜோடி மாறினால் படம் சுருங்கும், அல்லது டிரான்சிஸ்டர் சாகும்.

பி.யூ.205 மட்டும் மூன்று வாங்கி வந்தேன், வேறு கடையில். கையில் வாங்கும்போதே கனம் போதவில்லை. வீட்டில் ஒன்றின் மூடியை அரத்தால் அறுத்துப் பார்த்தேன். உள்ளே மிளகில் பாதி அளவு சில்லு. 1500 வோல்ட் தாங்க வேண்டிய சாமான் இது! பழைய ஒரிஜினலை அறுத்தால் சில்லு நன்றாகக் கண்ணில் படும் அளவுக்கு இருக்கும். மேலே அச்சடித்த எழுத்து மட்டும் ஒரிஜினலை விட அழகு.

ஜூன் 15, சனி

ரீவைண்டிங் யோசனை. மோட்டார் சுற்றுபவரிடம் காட்டினேன். “தலைமுடிய எடுத்துச் சுத்தச் சொல்றீங்க” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். ஹைவோல்டேஜ் சுருளைச் சும்மா வரிசையாகச் சுற்ற முடியாது. பக்கத்துப் பக்கத்துச் சுற்றுகளுக்குள் வோல்டேஜ் வித்தியாசம் குறைவாக இருக்கும்படி கம்பியைக் குறுக்கும் மறுக்கும் பின்னுகிற மெஷின் வேண்டும். அந்த மெஷின்கள் எந்த இரும்புக் கடைக்குப் போயினவோ.

ஜூன் 16, ஞாயிறு

மூர் மார்க்கெட் பக்கம் நடைபாதைக் கடைகள். பழைய மூர் மார்க்கெட் 1985-இல் எரிந்தது. அந்தப் பெயரைச் சொல்லி இன்றும் பழசை விரிக்கிறார்கள். டிவி18 குச்சி ரெக்டிஃபையர் இரண்டு, கடகடவென்று திருகும் டியூனர் ஒன்று, பி.சி.148 டிரான்சிஸ்டர் ஒரு பிடி. எல்.ஓ.டி. இல்லை. டியூனர் எனக்குத் தேவையே இல்லை, ஆனாலும் வாங்கினேன். மனைவி பையை எட்டிப் பார்த்துவிட்டு, “தேடிப் போனது கிடைச்சதா?” என்று மட்டும் கேட்டாள்.

ஜூன் 22, சனி

வில்லிவாக்கத்தில் ஓய்வு பெற்ற மெக்கானிக் ஒருவர், வயது எழுபத்தைந்துக்கு மேல். ரிச்சி ஸ்ட்ரீட் பெரியவர்தான் அனுப்பி வைத்தார். பரணில் ஏணி போட்டு ஏறினேன். ஹார்லிக்ஸ் பாட்டில்களில் கண்டென்சர், மைக்கா துண்டு, திருகு. எல்லாவற்றிலும் பேப்பர் ஒட்டி எழுதியிருக்கிறார். எல்.ஓ.டி. இருந்த மரப்பெட்டி மட்டும் காலி. போன வருஷம் வீட்டுக்கு வெள்ளையடித்தபோது மகன் மொத்தத்தையும் காப்பர் விலைக்கு எடை போட்டுவிட்டாராம். “முப்பது உருப்படி இருக்கும் தம்பி” என்றார். நான் அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

காபி வந்தது. பேச்சில்தான் அவர் சரக்கு இருந்தது. இதே யோக், இதே எல்.ஓ.டி. இன்னொரு சென்னைக் கம்பெனியின் செட்டிலும் வரும், அது கதிர் 110 டிகிரி விரியும் டியூப்தான், நம்பிப் போடலாம் என்றார். சர்க்யூட் வரைந்த பழைய நோட்டைக் கொடுத்து, ஜெராக்ஸ் எடுத்துவிட்டுத் திருப்பித் தரச் சொன்னார். கிளம்பும்போது, “பார்ட்ஸைத் தேடாதீங்க. செத்த செட்டைத் தேடுங்க” என்றார். இரண்டு வாரமாக நான் அலைந்ததற்கு இந்த ஒரு வரிதான் வரவு.

ஜூன் 30, ஞாயிறு

திண்டிவனம் பக்கம் ஒரு வீட்டில் அவர் சொன்ன செட் கிடைத்தது. மேலே சாமி படம் வைத்திருந்தார்கள். படத்தை வேறு ஸ்டூலுக்கு மாற்றித் தந்து, 600 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள். கரையான் அடிப்பலகையைத் தின்றிருந்தது. பஸ்ஸில் லக்கேஜ் டிக்கெட். கண்டக்டர், “ஓடுமா?” என்றார். “ஓடாது, அதுக்காகத்தான் வாங்கினேன்” என்றேன். அதற்கப்புறம் அவர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை ரிங் டெஸ்டர். ஏழு எல்.இ.டி. எரிந்தன!

ஜூலை 6, சனி

இந்த செட்களில் உள்ளிருக்கும் சேசிஸே வீட்டு மெயின்ஸ் கரண்டில் நேராகத் தொங்கும், அதனால் இரண்டையும் பிரித்து வைக்கும் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் கை வைப்பதில்லை. பிக்சர் டியூபின் சார்ஜையும் முதலில் கிரவுண்டில் இறக்கிவிட வேண்டும். ஒரு தடவை மறந்து, ஸ்க்ரூ டிரைவர் சுவரில் போய் விழுந்திருக்கிறது. எல்.ஓ.டி.யை மாற்றும்போது அதன் ஃபெரைட் கோரின் நடுவே இருக்கும் மெல்லிய காகிதத்தை அப்படியே வைத்தேன். குப்பை என்று எடுத்துவிட்டால் இடைவெளி போய் கோர் திணறும். டிரான்சிஸ்டரும் அந்தத் திண்டிவனம் செட்டில் இருந்த பழசுதான்.

பாதுகாப்புக்குக் கரண்ட் வழியில் ஒரு பல்பை (சீரிஸ் லாம்ப்) போட்டு ஆன் செய்தேன். 100 வாட் பல்பு ஒரு கணம் பளிச்சென்று எரிந்து மங்கியது. ஷார்ட் இல்லை, நல்ல சகுனம். சன்னமான கீச்சொலி. கைமுடி கண்ணாடிப் பக்கம் எழுந்து நின்றது. பிறகு மெதுவாக வெளிச்சம்.

காட்டுவதற்குப் படம் வேண்டுமே. இந்தப் பெட்டி ஆன்டெனாவில் வாங்க இப்போது இங்கே ஒன்றும் இல்லை. கேபிள்காரர் ஒருவர் அனலாக் போன பிறகு மூலையில் போட்டிருந்த, படத்தைப் பழைய டிவி வாங்கும் சிக்னலாக மாற்றும் மாடுலேட்டரைக் கொடுத்திருந்தார். அதை செட்-டாப் பாக்ஸுக்கும் டிவிக்கும் நடுவே வைத்தேன். செய்தி வாசிப்பவர் வந்தார், கொஞ்சம் மங்கலாக. டியூப் களைத்திருக்கிறது. அதன் ஹீட்டருக்குக் கூடுதல் வோல்ட் தரும் பூஸ்டர் போட்டால் பளிச்சென்று வரும், ஆனால் சீக்கிரம் போய்விடும். போடவில்லை. பெரியம்மாவுக்கு வீடியோ கால் போட்டுக் காட்டினேன். “ஷட்டர் சாவி எங்கிட்டதான் இருக்கு” என்றார்.

மீதமிருந்த போலி பி.யூ.205 இரண்டையும் சுத்தியலால் அடித்துக் குப்பையில் போட்டேன், யார் கைக்கும் திரும்பிப் போகாமல் இருக்க. செத்த எல்.ஓ.டி. பரணுக்குப் போயிற்று. மேலே மார்க்கரில் எழுதி ஒட்டியிருக்கிறேன்: ‘கோர் நல்லது. எடைக்குப் போடாதே.’