பட்டப்பகலில் ஹெட்லைட்

ஜூன் 7

மதியம் மூன்றரை மணி. மேகமூட்டம். சுவரை ஒட்டி வண்டியை நிறுத்தினால் சுவரில் இரண்டு வெளிச்ச வட்டம். ஹெட்லைட் எரிகிறது. சுவிட்சு ‘ஆட்டோ’வில் இருக்கிறது, அதாவது நான் போடவில்லை, வண்டியே போட்டுக்கொண்டது. ஏசியை அணைத்துப் பையை எடுத்துக்கொண்டு நிமிர்வதற்குள் விளக்கும் அணைந்துவிட்டது. இந்த வாரத்தில் இது மூன்றாவது தடவை.

ஜூன் 8

வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டினேன். ஃபால்ட் கோடு, அதாவது பழுதைச் சொல்லும் எண், ஒன்றும் இல்லை.

வெளிச்சத்தை அளக்கும் சென்சார் டேஷ்போர்டின் மேல், கண்ணாடியை ஒட்டி, சட்டைப் பொத்தான் அளவில் ஒரு கறுப்புக் குமிழ். வேலை செய்யும் விதம் எளிது. விளக்குகளைக் கவனிக்கும் மாட்யூல் (ஒரு சின்னக் கம்ப்யூட்டர்) தனக்குள் இருக்கும் ஒரு ரெசிஸ்டர் (தடை) வழியாக சிக்னல் வயரில் 5 வோல்ட் கொடுக்கிறது. சென்சாரில் வெளிச்சம் பட்டால் கரண்ட் அதன் வழியாக எர்த்துக்கு, அதாவது பேட்டரியின் மைனஸோடு சேர்ந்த பாடிக்கு, இறங்கிவிடும், சிக்னல் வோல்டேஜ் விழும். இருட்டினால் ஏறும். ஸ்கேனரில் பார்த்தேன்: நல்ல வெயிலில் 0.4 வோல்ட். துண்டைப் போட்டு மூடினால் 4.6. டார்ச் அடித்தால் மறுபடி இறங்குகிறது. குறை சொல்ல ஏதுமில்லை.

கோடு விழாததும் புரிகிறது. வோல்டேஜ் 0-ஐ ஒட்டியோ 5-ஐ ஒட்டியோ சிக்கிக்கொண்டால்தான் மாட்யூல் அதைப் பழுது என்று எடுத்துக்கொள்ளும். நடுவில் எந்த எண் வந்தாலும் அதற்கு அது ஒரு வெளிச்சம், அவ்வளவுதான். அந்த எண் பொய்யா மெய்யா என்று அதற்குத் தெரியாது.

ஜூன் 10

புது சென்சார் மாட்டினேன். சோதிக்காமல் பொருளை மாற்றாதே என்று ஊருக்கெல்லாம் சொல்லும் ஆள் நான். மாலையில் மரநிழலில் போகும்போது ஹெட்லைட் எரிந்தது.

ஜூன் 11

இன்றைக்கு நானே ஒரு பழுதைச் செய்து வைத்தேன்.

கனெக்டரைக் கழற்றி, மல்டிமீட்டரின் தடித்த முள்ளை முன்பக்கத்து ஓட்டையில் குத்தி வோல்டேஜ் பார்த்தேன். 5 வோல்ட் வந்தது. திரும்ப மாட்டினால் ஹெட்லைட் அணையவே இல்லை, கூடவே கோடும் விழுந்தது: சிக்னல் சர்க்யூட் ஓப்பன். முள் உள்ளே போனதில் சென்சாரின் பின்னை வாங்கிக்கொள்ளும் பெண் பின்னின் வாய் அகன்றுவிட்டது. சென்சாரின் பின் அதற்குள் தொளதொளவென்று நிற்கிறது, தொடுவதே இல்லை. வயர் அறுந்தால் சிக்னல் 5 வோல்ட்டுக்கு ஏறும், மாட்யூல் இருட்டென்று எண்ணி விளக்கைப் போடும். இப்படி அமைத்தது ஒரு விதத்தில் நல்லதுதான். இரவில் வயர் அறுந்து விளக்கு அணைவதைவிட, பகலில் எரிந்துகொண்டிருப்பது மேல்.

ஊசி முனையால் உள்ளே இருக்கும் நாக்கை மெதுவாக நிமிர்த்தினேன். பின்னைச் செருகி இழுத்தால் இப்போது லேசாகப் பிடித்து விடுகிறது. கோடு போய்விட்டது. பழைய நோய் அப்படியே இருக்கிறது. இனி அளப்பதாக இருந்தால் கனெக்டரைக் கழற்றாமல், வயர் வரும் பின்பக்கமாக குண்டூசி விட்டுத்தான்.

ஜூன் 14

பழக்கமான ஆட்டோ எலக்ட்ரீசியன் ஒருவருக்குப் போன் போட்டேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “எப்ப எப்ப எரியுது சார்?” என்றார்.

“மேகமா இருந்தா, நிழல்ல, சாயங்காலம் கொஞ்சம் சீக்கிரமே.”

“அது கெடக்கட்டும். அந்த நேரத்துல வண்டியில வேற என்ன ஓடிட்டிருந்துச்சு?”

ஏசி. ஒவ்வொரு தடவையும் அதன் காற்றைத் தள்ளும் ப்ளோயர் முழு வேகத்தில் இருந்திருக்கிறது.

வயரிங் டயகிராமை எடுத்தேன். இந்த வண்டியில் சென்சாரின் எர்த் மாட்யூலுக்குத் திரும்பிப் போகவில்லை. ப்ளோயர் மோட்டாரின் எர்த் வயரோடு சேர்ந்து பாடியில் ஒரே போல்ட்டில் முடிகிறது. முதலில் மீட்டரைத் தடை அளக்கும் ஓம்ஸில் வைத்து அந்த எர்த்தைப் பார்த்தேன். 0.3. மீட்டரின் இரண்டு முள்ளையும் ஒன்றோடொன்று தொட வைத்தாலும் அதே 0.3. ஆக, எர்த் சுத்தம் என்கிறது மீட்டர். “ஓம்ஸ்ல பாத்தா எந்த எர்த்தும் நல்லாத்தான் தெரியும் சார், வோல்ட்ல வெச்சு லோடு குடுத்துப் பாருங்க” என்று அவர் முன்கூட்டியே சொல்லியிருந்தார்.

கறுப்பு முள் பேட்டரியின் மைனஸில். சிவப்பு முள், சென்சாரின் எர்த் பின்னில், குண்டூசி வழியாக. ப்ளோயர் நிறுத்தியிருந்தால் 0.02 வோல்ட். முதல் வேகத்தில் 0.2. முழு வேகத்தில் 1.0! எர்த் என்று பெயர், ஒரு வோல்ட் உயரத்தில் மிதக்கிறது.

கணக்கும் ஒத்துப்போகிறது. ப்ளோயர் முழு வேகத்தில் சுமார் 20 ஆம்பியர் இழுக்கும். போல்ட்டில் 0.05 ஓம் தடை இருந்தாலே 20 × 0.05 = 1 வோல்ட். அந்த 0.05-ஐ என் மீட்டரின் ஓம்ஸ் எங்கே காட்டப்போகிறது? சென்சாரின் அடித்தளமே உயர்வதால் சிக்னலும் கூடவே உயர்கிறது. நிழலில் 1.6 வோல்ட்டாக இருந்தது, ப்ளோயரைப் போட்டதும் 2.3. இந்த வண்டியில் 2 வோல்ட்டைத் தாண்டிச் சில நொடி நின்றால் விளக்கு எரிகிறது. கொளுத்தும் வெயிலில் 0.4 ஆனது 1.3 வரைதான் ஏறுகிறது, எல்லையைத் தொடவில்லை. வெயிலில் நிறுத்திச் சோதித்தபோதெல்லாம் எனக்கு ஒன்றும் அகப்படாததற்குக் காரணம் அதுதான்.

ஜூன் 15

பேட்டரி மைனஸைக் கழற்றிவிட்டு, பக்கத்து இருக்கையின் கால் வைக்கும் இடத்தில் இருக்கும் பிளாஸ்டிக் மூடியைப் பிரித்தேன். போல்ட் கையாலேயே அரைச் சுற்றுச் சுற்றியது. எர்த் வயர்களின் முனை வளையங்களுக்கு இடையில் பச்சைக் களிம்பு. அடியில் பெயின்ட் உப்பி, துருப் பிடித்திருக்கிறது. வளையங்களையும் தகட்டையும் உப்புத்தாளால் பளபளவென்று வரும்வரை தேய்த்து, இறுக்கி, மேலே கிரீஸ் தடவினேன்.

ப்ளோயர் முழு வேகம்: 0.03 வோல்ட்.

ஜூன் 21

ஒரு வாரமாக மேகம், நிழல், ஏசி எல்லாம் ஒன்றாகப் பார்த்தாயிற்று. பகலில் விளக்கு எரியவில்லை. பழைய சென்சாரையே திரும்ப மாட்டிவிட்டேன். புதியது டப்பாவோடு இழுப்பறையில் கிடக்கிறது.

களிம்பு சும்மா வராது. அந்த மூலையில் தரைவிரிப்பைத் தூக்கிப் பார்த்தேன், அடியில் ஈரம். முன்கண்ணாடி ரப்பர் வழியாகவா, ஏசியின் தண்ணீர்க் குழாய் அடைத்துக்கொண்டதா? நாளைக்கு முதலில் குழாயைப் பார்க்க வேண்டும்.